வலது பக்கத்தையாவது விட்டுவையுங்கள்

பெருமாள்மலை ஜங்ஷனில் பஸ்ஸை விட்டு இறங்கி என் கடைக்கு டீ குடிக்க வருகிறவர்கள் இன்றைக்கும் கேட்கிறார்கள்: "ஏங்க்கா, மதுரை ஆஸ்பத்திரியில மிஷினையே ஒடச்சுப்புட்டீங்களாமே, நெசமா?"

நான் உடைக்கவில்லை. உதைத்தேன். அதுவும் ஒரே ஒரு உதை. மிஷின் அது பாட்டுக்கு நின்றது, என் கால் பெருவிரல் நகம்தான் பெயர்ந்தது. இந்த ஊர் வாய் இருக்கிறதே, என் நகத்தை மறந்துவிட்டு மிஷினுக்காக அழுகிறது.

எட்டாம் வகுப்பு வரை படித்தவள் நான். எழுத வரும், கோபம் அதைவிட நன்றாக வரும். இப்போது உடம்பு தேறிக் கடையில் உட்கார்ந்திருக்கிறேன். மார்பில் கட்டி என்று புருஷனிடம்கூடச் சொல்லக் கூசி, முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு திரிகிற பொம்பளைகள் இந்த மலையில் எத்தனையோ பேர். அவர்கள் படிக்கட்டும், படிக்கத் தெரியாதவர்களுக்கு யாராவது வாசித்துக் காட்டட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

கடையில் டீயோடு பழ வியாபாரமும் உண்டு. எனக்கு அந்தக் கட்டி பேரிக்காய்ப் பெட்டியில்தான் தெரிந்தது. லாரியில் ஏற்றுவதற்குப் பெட்டியை நெஞ்சோடு அணைத்துத் தூக்கும்போது இடது பக்கம் ஏதோ உறுத்தியது. பெட்டிச் சட்டம் குத்திய வீக்கம் என்று நினைத்துக்கொண்டேன். பேரிக்காய் சீசன் முடிந்தது, பூண்டு சீசன் வந்தது, வீக்கம் மட்டும் போகவில்லை. தொட்டால் கோலிக்குண்டு மாதிரி கெட்டியாக இருந்தது, வலியே இல்லை. வலித்திருந்தால் அன்றைக்கே ஓடியிருப்பேன். வலிக்காத கட்டியைத்தான் நம்பக் கூடாது. இதை மட்டும் மனதில் போட்டுக்கொள்ளுங்கள்.

கொடைக்கானலில் பார்த்த டாக்டர் தொட்டுப் பார்த்ததுமே முகம் மாறி, மதுரைக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். அங்கே கட்டியிலிருந்து ஒரு துணுக்கு எடுத்துப் பரிசோதித்துவிட்டுப் புற்றுநோய் என்றார்கள். என் வீட்டுக்காரர் தங்கராசு எஸ்டேட்டுகளுக்கு வாடகை ஜீப் ஓட்டுகிறவர். வாய் பேசாத மனுஷன். திரும்பி வரும்போது மலைப்பாதையில் ஒரு கொண்டை ஊசி வளைவில் ஜீப்பை ஓரம் கட்டி நிறுத்தினார். ஸ்டியரிங்கைக் கையால் குத்த ஆரம்பித்தார். குத்தினார், குத்தினார், கையெல்லாம் ரத்தம்.

"யோவ், கைய ஒடச்சுக்கிட்டா வண்டிய யாருய்யா ஓட்டுறது? ரெண்டு பேரும் இங்கனயே கெடந்து சாகவா?" என்று கத்தினேன். என் தலைத்துணியை அவிழ்த்து அவர் கையில் சுற்றினேன். பிறகு மெதுவாக ஓட்டிக்கொண்டு மேலே வந்து சேர்ந்தோம்.

அறுவையைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். இடது மார்பை முழுதாக எடுத்தார்கள். அக்குளில் இருந்த நெறிகளையும், நிணநீர்க் கட்டிகள் என்பார்களே, அவற்றையும் சேர்த்து எடுத்தார்கள், நோய் அந்த வழியாகத்தான் உடம்புக்குள் பரவுமாம். கண் விழித்தபோது யாரோ என்னைப் போட்டு மிதித்துவிட்டுப் போன மாதிரி இருந்தது. விலாவிலிருந்து ஒரு குழாய் தொங்கியது, அதில் ரத்தமும் நீரும் வடிந்தபடி இருந்தது. முதல் நாள் கஞ்சி கொண்டுவந்த ஆயா மேலேயே அதை டம்ளரோடு வீசினேன். அந்த அம்மா துடைத்துவிட்டு வேறு டம்ளரில் கொண்டுவந்தாள். அதை அழுதுகொண்டே குடித்தேன்.

நெறிகளை எடுத்துவிட்டால் அந்தப் பக்கத்துக் கை வீங்கும், தோளும் இறுகிப்போகும். சுவரில் விரலை வைத்துச் சிலந்தி ஏறுவது போல மேலே மேலே ஏற்றிப் பழகச் சொன்னார்கள். எனக்குத் தோளுக்கு மேலே கை ஏறவே இல்லை. பல்லைக் கடித்து ஏற்றினால் உயிர் போனது. பிறகு கரண்டு வைத்தார்கள். மிச்சம் மீதி இருக்கும் நோயைச் சுட்டுப் பொசுக்குகிற கதிர் அது. வைக்கும்போது ஒன்றும் தெரியாது, வாரம் போகப் போகத் தோல் கறுத்து, வெந்து, உரியும்.

வெந்த தோலோடு நான் கிடந்த காலத்தில்தான் வள்ளி மதினி வந்தார். என் வீட்டுக்காரரின் அக்கா. பாலசமுத்திரத்தில் கடலைக்காடு வைத்துப் பிழைக்கிறவர், புருஷன் இல்லை. பழனி முருகன் என்றால் உயிர். மாசம் தவறாமல் கார்த்திகைக்கு மலை ஏறிவிட்டு, திருநீற்றுப் பொட்டலத்தை மடியில் கட்டிக்கொண்டு பஸ் பிடித்து எங்கள் வீட்டுக்கு வருவார். அவர் கும்பிடுகிற மாதிரி நான் கும்பிட்டவள் இல்லை. ஆனாலும் அந்தத் திருநீற்றைத் தண்ணீரில் குழைத்து, மூன்று விரலால் என் நெஞ்சு முழுக்கப் பட்டை பட்டையாகப் பூசுவார். வெட்டின பக்கம், வெட்டாத பக்கம், அக்குள், எதையும் விடமாட்டார். காய்ந்து இறுகும்போது சிலுசிலுவென்று இருக்கும்.

"அவன் பாத்துக்கிடுவாண்டி. நீ சும்மா கெட," என்பார்.

உள்ளதைச் சொல்கிறேன், அந்த விரல் எனக்கு வேண்டியிருந்தது. வெட்டின இடத்தைப் பார்த்து என் வீட்டுக்காரரே முகத்தைத் திருப்பிக்கொண்ட நாட்கள் அவை. முகம் சுளிக்காமல் என் மேல் கை வைத்தது மதினி ஒருத்திதான்.

ஒரு மார்பில் வந்தவர்களுக்கு மறு மார்பிலும் வரலாம். அதனால் அவ்வப்போது படம் எடுத்துப் பார்க்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். மார்புக்கென்றே தனியாக ஒரு எக்ஸ்ரே மிஷின் எண்பதுகளில்தான் நம் பக்கம் வந்து சேர்ந்தது. மதுரையில் அந்த ஆஸ்பத்திரிக்கும் அப்போதுதான் புதிதாக வந்திருந்தது. கையால் தொட்டுப் பார்த்தால் தெரியாத பொடிக் கட்டியையும் அது காட்டிக் கொடுத்துவிடும் என்றார்கள். நானும் மதினியும் வீட்டுக்காரரும் வெள்ளனே கிளம்பிப் போனோம்.

காத்திருக்கிற இடத்தில் வரிசையாகப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். யாரும் யாரையும் பார்க்கவில்லை, எல்லோரும் முந்தானையை இழுத்து இழுத்துப் போர்த்திக்கொண்டிருந்தார்கள். என் பெயரைக் கூப்பிடப் போகும் நேரத்தில் மதினி என்னைக் கக்கூசுக்குள் இழுத்துக்கொண்டு போய், ஜாக்கெட்டை அவிழ்க்கச் சொல்லி, உள்ளங்கையில் திருநீற்றைக் குழைத்து அவசர அவசரமாகப் பூசிவிட்டார்.

"மிஷினுக்கு முன்னால அவன் நிக்கட்டும்," என்றார்.

அந்த மிஷினைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இரண்டு தட்டுகள் இருக்கும். கீழ்த் தட்டில் மார்பைத் தூக்கி வைப்பார்கள். மேல் தட்டு இறங்கி நசுக்கும். சப்பையாக நசுங்கினால்தான் உள்ளே இருப்பது ஒன்றின் மேல் ஒன்று படாமல் படத்தில் விழுமாம். கொஞ்ச நேரம்தான், பொறுத்துக்கொள்ளக்கூடிய வலிதான். பயந்துகொண்டு போகாமல் இருந்துவிடாதீர்கள். ஆனால் எனக்கு அன்றைக்கு வலி பெரிதாக இல்லை. ஒன்றை வெட்டி எடுத்துக்கொண்டு போனவர்கள் மிச்சமிருந்த ஒன்றையும் இரும்புக்கு நடுவே வைத்து நசுக்குகிறார்களே என்று எங்கிருந்தோ ஒரு வெறி வந்தது. தட்டு விட்டதும் காலைத் தூக்கி உதைத்தேன்.

"ஏம்மா! ஒனக்குப் பைத்தியமா? இதோட வெல தெரியுமா ஒனக்கு?" என்று படம் எடுக்கிற பெண் அலறினாள்.

"என் மாரோட வெல தெரியுமாடி ஒனக்கு?" என்றேன்.

நான் நொண்டிக்கொண்டே வெளியே வந்தேன்.

படம் பார்க்கிற டாக்டர் ஒரு பெண். கண்ணாடி போட்டவர், சன்னமான குரல். விளக்குப் பெட்டியில் படத்தை மாட்டி, பென்சிலால் தொட்டுக் காட்டினார். கறுப்பும் சாம்பலுமான படத்தில் ரவை சிந்தின மாதிரி பொடிப் பொடியாக வெள்ளைப் புள்ளிகள்.

"இது சுண்ணாம்புச் சத்து படிஞ்ச புள்ளிங்கம்மா. எக்ஸ்ரேல அது வெள்ளையா விழும். வயசானா சில பேருக்குச் சும்மாவே இருக்கும். ஆனா இப்படிக் கூட்டமா, பொடியா இருந்தா, கேன்சர் ஆரம்பிக்கிற இடமா இருக்கலாம்."

"இருக்கலாம்னா? இருக்கா இல்லையாங்க?"

"தெறந்து பாத்தாத்தான் தெரியும். மயக்கம் குடுத்து அந்த எடத்துல கொஞ்சம் எடுப்பாங்க. நீங்க மயக்கத்துல இருக்கும்போதே சோதிச்சுப் பாத்துருவாங்க. கேன்சர்னா அப்பவே முழுசா எடுத்துருவாங்க."

அதாவது, நான் கண் விழித்துத் தடவிப் பார்த்தால்தான் இருக்கிறதா இல்லையா என்று எனக்கே தெரியும். அன்றைக்கெல்லாம் அப்படித்தான் செய்தார்கள்.

"வலது பக்கத்தையாவது விட்டுவைங்கம்மா," என்றேன். நான் கெஞ்சி யாரும் பார்த்ததில்லை. அன்றைக்குக் கெஞ்சினேன்.

அடுத்த நொடி டாக்டர் மேஜை மேல் இருந்ததெல்லாம் தரையில் கிடந்தது. வாயே பேசாத என் வீட்டுக்காரர் இரண்டு கையாலும் வழித்துத் தள்ளிவிட்டார். "எம்புட்டுத்தாண்டா அறுப்பீங்க? அவ என்ன ஆடா மாடா?" என்று கத்தினார். வாட்ச்மேன் ஓடி வந்து அவர் சட்டையைப் பிடித்தார். இவர் அவரைச் சுவரோடு சாத்தினார். சட்டை தோளிலிருந்து கிழிந்தது. நான் நடுவில் விழுந்து பிரித்து, என் புருஷன் முதுகில் நானே நாலு போட்டு வெளியே இழுத்து வந்தேன். அந்த டாக்டர் பாவம், சுவர் ஓரமாக ஒடுங்கி நின்றார். போலீஸைக் கூப்பிட்டிருக்கலாம், கூப்பிடவில்லை. "படிக்கட்டுல பாத்து எறங்குங்க," என்று மட்டும் சொன்னார்.

அறுவைக்குத் தேதி கொடுத்தார்கள். இடையில் இருந்த வாரங்களில் நான் மனுஷியாக இல்லை. காலிப் பழப்பெட்டிகளை விறகுக்கு உடைக்கிறேன் என்று நல்ல பெட்டிகளையும் உடைத்தேன். ஒட்டன்சத்திரத்திலிருந்து பிளம்ஸ் எடுக்க வந்த ஒரு வியாபாரி, கடை வாசலில் நின்றுகொண்டு, "ஏக்கா, இன்னொன்னும் போகுதாமே? விடுங்க, பிள்ளைக்குப் பால் குடுக்காத மாருதான, போனாப் போகுது," என்றான். ஆறுதல் சொல்கிறானாம். எங்களுக்குப் பிள்ளை இல்லை. அது ஊருக்கே தெரியும். தராசில் இருந்த எடைக்கல்லை எடுத்து வீசினேன். அவன் முழங்காலுக்குக் கீழே பட்டு, வாசலிலேயே உட்கார்ந்துவிட்டான். இன்று வரை எனக்கு அதில் வருத்தம் இல்லை.

என் மார்பு எனக்கு எதற்கு என்று கேட்க இவன் யார்? யாருக்கும் கொடுப்பதற்காக நான் அதை வைத்திருக்கவில்லை. அது என்னுடையது, அவ்வளவுதான்.

ஆஸ்பத்திரியில் சேர்ந்த அன்று சாயங்காலம், பெண்கள் வார்டில் கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். வீட்டுக்காரர் வெளியே வராந்தாவில் இருந்தார். வள்ளி மதினி வந்தார். எனக்காக அன்று காலையில் மலை ஏறி, மொட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார். மொட்டைத் தலையில் சந்தனம் காய்ந்து கிடந்தது. மடியிலிருந்து பெரிய பொட்டலமாக எடுத்து, கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றிக் குழைத்துக்கொண்டு, "ஜாக்கெட்ட அவுறுடி," என்றார்.

"வேணாம் மதினி."

"அப்பிடிச் சொல்லப்படாது. நாளைக்குக் கத்தி வைக்கப் போறாக. அவன் காவலுக்கு வேணாமா?"

"அவந்தான அன்னைக்கும் காவலுக்கு நின்னான்? நின்னு என்னத்தக் கிழிச்சான்? ஒன்னத் தின்னது பத்தாதுன்னு இன்னொன்னையும் கேக்குறானா?"

"வாயக் கழுவுடி!" என்று சொல்லிக்கொண்டே அவர் விரலை என் நெஞ்சுக்குக் கொண்டுவந்தார்.

அறைந்தேன். வலது கை முந்தானையைப் பிடித்திருந்தது. இடது கையால்தான் அறைந்தேன். மாசக்கணக்கில் சுவரில் ஏற மறுத்த கை, தோளுக்கு மேலே போய் இறங்கியது. வார்டே திரும்பிப் பார்த்தது. கிண்ணம் தெறித்து உருண்டது. பொட்டலத்தைப் பிடுங்கி ஜன்னல் வழியாக வீசினேன்.

மதினி கன்னத்தைத் தொடக்கூட இல்லை. என் கையைப் பார்த்தார்.

"எடது கையால அடிக்காதடி, வீங்கிப் போகும்," என்றார்.

அந்த வார்த்தை என்னை இன்னும் வெறியாக்கியது. குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்தினேன். அங்கே கிடந்த கார்பாலிக் சோப்பையும் தேங்காய் நாரையும் எடுத்து நெஞ்சைத் தேய்த்தேன். மாசக்கணக்கில் பூசிப் பூசி மடிப்பிலும் மயிர்க்காலிலும் ஏறிக் கிடந்த சாம்பலெல்லாம் கரைந்து ஓடட்டும் என்று தேய்த்தேன். "ஒன் சாமியும் வேணாம், சாம்பலும் வேணாம்!" என்று கத்திக் கத்தித் தேய்த்தேன். தோல் சிவந்து, காம்பு ஓரத்தில் ரத்தம் கசிந்தது. அப்புறம்தான் நிறுத்தினேன். நான் வெளியே வந்தபோது மதினி தரையில் சிந்தியிருந்த திருநீற்றைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் வெட்டுவதற்கு முன்னால் இன்னொரு படம் எடுத்தார்கள். புள்ளிகள் இருக்கிற இடம் கைக்குத் தெரியாது என்பதால், படத்தைப் பார்த்து அந்த இடத்தில் ஊசியால் ஒரு மெல்லிய கம்பியை நட்டு அடையாளம் வைப்பார்கள். வெட்டுகிற டாக்டர் அந்தக் கம்பியைப் பிடித்துக்கொண்டு போவார். அதே மிஷின், அதே பெண். அவள் என் காலிலேயே கண்ணாக இருந்தாள். நான் உதைக்கவில்லை. உதைக்கிற தெம்பு எங்கே இருந்தது?

படத்தை எடுத்துக்கொண்டு போனாள். வந்து, "இன்னொரு தடவ எடுக்கச் சொல்றாங்க," என்றாள். எடுத்தாள். மறுபடியும் வந்து, பக்கவாட்டில் வைத்து எடுத்தாள். உள்ளே பூராவும் பரவிவிட்டது, அதனால்தான் திரும்பத் திரும்ப எடுக்கிறார்கள் என்று நினைத்தேன். மதினியைப் பார்க்க வேண்டும் போல இருந்தது. அறைந்த மறுநாளே அவரைத் தேடியது என் மனசு, வெட்கம் கெட்ட மனசு.

அந்தக் கண்ணாடி டாக்டரே வந்தார்.

"பேச்சியம்மா, மொதப் படத்துல இருந்த புள்ளி எதுவும் இதுல இல்ல."

"எங்க போச்சுங்க?"

"அதத்தான் நானும் ஒங்கள்ட்டக் கேக்குறேன். கேன்சர் எந்திரிச்சு நடந்து போயிறாது. அன்னைக்கு நெஞ்சுல ஏதாவது பூசியிருந்தீங்களா? பவுடர், களிம்பு, ஏதாவது?"

"ஒன்னும் பூசல..." என்று ஆரம்பித்தவள், கதவைப் பார்த்தேன். பாதி திறந்திருந்த கதவுக்கு வெளியே மொட்டைத் தலையும் நெற்றி நிறையப் பட்டையுமாக மதினி நின்றுகொண்டிருந்தார்.

"திருநீறு," என்றேன்.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். மதினியிடம் மடியில் மிச்சம் இருக்கிறதா என்று கேட்டு வாங்கினார். ரப்பர் கையுறை ஒன்றில் தண்ணீர் நிரப்பிக் கட்டி, அதன் மேல் அந்தத் திருநீற்றைக் குழைத்துப் பூசச் சொல்லி, மிஷினில் வைத்துப் படம் எடுக்க வைத்தார். விளக்குப் பெட்டியில் மாட்டினார். ரவை சிந்தின மாதிரி, அதே வெள்ளைப் புள்ளிகள்.

"சாம்பல்லயும் சுண்ணாம்புச் சத்து உண்டு. தோல் மேல இருக்கிறது, உள்ள இருக்கிற மாதிரியே படத்துல விழுந்திருக்கு," என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்து, "படம் எடுக்கிறதுக்கு முன்னால தொடச்சிட்டு வாங்கன்னு நாங்க சொல்லியிருக்கணும். புது மிஷின், எங்களுக்கே தோணல. தப்பு எங்க பேர்ல," என்றார். வெட்டுகிறவரிடம் பேசி, அன்றைக்கே அறுவையை நிறுத்தினார். சில மாதம் கழித்து மறுபடி ஒரு படம் எடுத்துப் பார்த்துக்கொண்டால் போதும் என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது, அழுகை வந்தது, என்ன வந்தது என்றே தெரியவில்லை. உட்கார்ந்த இடத்திலேயே வலது மார்பை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டேன். டாக்டர் பார்க்கிறாரே என்றுகூடத் தோன்றவில்லை.

அப்போதுதான் 'மடார்' என்று சத்தம் கேட்டது. மதினி கதவு நிலையில் தலையை முட்டிக்கொண்டிருந்தார். மொட்டைத் தலை. இரண்டாவது முட்டுக்கே ரத்தம் வந்துவிட்டது.

"எங்கையாலயா! எங்கையாலயாடி ஒன்ன அறுக்கக் குடுக்கப் பாத்தேன்! பாவி, நாந்தேன், நாந்தேன்!"

உண்மையைச் சொன்னால், ஒரு நொடி எனக்கும் 'ஆமாம், நீதான்' என்று வாய் வரைக்கும் வந்தது. அத்தனை ஆத்திரம். அடுத்த நொடி அந்த மூன்று விரல் ஞாபகம் வந்தது. ஓடிப்போய் அவர் தலைக்கும் கதவுக்கும் நடுவே என் கையைக் கொடுத்தேன். மூன்றாவது முட்டு என் கையில் விழுந்தது.

"எடது கைடி, எடது கைடி," என்று சொல்லிக்கொண்டே மதினி அப்படியே சரிந்து உட்கார்ந்து என் கையைத் தடவினார். வீட்டுக்காரர் வராந்தாவிலிருந்து ஓடி வந்து, யார் அடித்தது, யார் அழுவது என்று புரியாமல், பின்னாலேயே ஓடி வந்த வாட்ச்மேனையே பார்த்துக்கொண்டு நின்றார்.

இப்போதும் படம் எடுக்கப் போகிறேன். போகிற நாளைக்கு முந்தின நாளே மதினி பாலசமுத்திரத்திலிருந்து வந்துவிடுவார். காலையில் வெந்நீர் போட்டு, என்னை உட்காரவைத்து, நாரும் சோப்புமாக நெஞ்சைத் தேய்ப்பார். கடலைக்காட்டில் மண்வெட்டி பிடிக்கிற கை அது.

"தோல் உரியுது மதினி!"

"உரியட்டும். அன்னைக்கு நீ அறைஞ்ச அறைக்கு நான் இன்னும் பதில் சொல்லல. கைய மேல தூக்கு."

தூக்குவேன். இப்போது நன்றாக ஏறுகிறது. அக்குள், மடிப்பு, தழும்பு என்று ஓர் இடம் விடாமல் தேய்த்து, மூன்று தண்ணீர் ஊற்றிக் கழுவி, துண்டால் ஒற்றி, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். திருநீற்றுப் பொட்டலம் அவர் மடியிலேயே இருக்கும். அவிழ்க்க மாட்டார்.

போன தடவை ஆஸ்பத்திரியில் என் பெயரைக் கூப்பிட்டார்கள். நான் உதைத்த நாளில் இருந்த அதே பெண்தான். கதவில் நின்றுகொண்டு, "நல்லாத் தொடச்சுட்டு வந்தீங்களா?" என்று என்னைக் கேட்டாள்.

நான் வாயைத் திறப்பதற்குள் மதினி எழுந்து நின்றார்.

"நாந்தேன் தேச்சேன்," என்றார். "வெரசா எடுத்துட்டு அனுப்பு. வந்ததும் பூசணும்."